ஏழாம் பொருத்தம், ஒரே வீடு: 'தி ஆட் கப்பிள்' ஐம்பது ஆண்டுகளாக ஏன் சலிக்கவில்லை?

ஒருவர் தூசியைக் கண்டால் துடிப்பவர். இன்னொருவர் தூசியோடு குடித்தனம் நடத்துபவர். இருவரையும் அவரவர் மனைவி வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். இருவரும் நியூயார்க்கில் ஒரே வீட்டில் தங்குகிறார்கள். 1970 முதல் 1975 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 114 எபிசோட் ஓடிய 'தி ஆட் கப்பிள்' (பொருந்தாத ஜோடி) தொடரின் கதை இவ்வளவுதான்.

அது ஓடிய ஐந்து சீசன்களில் ஒன்றுகூட ரேட்டிங் பட்டியலில் முதல் 30 இடங்களுக்குள் வரவில்லை. ஆனால் இன்றைக்கும் ஒத்துவராத இரண்டு தலைவர்கள் கைகோத்தால், ஆங்கிலச் செய்தித்தாள்களின் தலைப்பில் இந்தப் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே கதையை 1982இலும் 2015இலும் புதிய நடிகர்களோடு மறுபடி எடுத்தார்கள். இரண்டுமே பழையதன் உயரத்தைத் தொடவில்லை.

பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இங்கேதான். தோற்ற தொடர் எப்படி நிலைத்தது? நிலைத்த தொடரின் நகல்கள் ஏன் நிலைக்கவில்லை? 'எதிரெதிர் குணங்கள், அதனால் சிரிப்பு' என்று பலரும் சொல்லும் விடை பாதிதான் சரி. எலியையும் பூனையையும் ஒரு வீட்டில் அடைத்தால் ஒரு வாரம் சிரிக்கலாம். ஐந்து ஆண்டு சிரிக்க வேறு சில பொருத்தங்கள் வேண்டும். அவை என்ன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சிட்காமின் சிக்கல்

சிட்காம் என்பது அரை மணி நேர நகைச்சுவைத் தொடர். அதே ஆட்கள், அதே இடம், வாரம் ஒரு புதுச் சிக்கல். எபிசோட் முடிவதற்குள் சிக்கல் அவிழ்ந்துவிடும், அடுத்த வாரம் எல்லாம் பழைய இடத்திலிருந்து தொடங்கும். நம் மெகா சீரியலில் நேற்று நடந்தது இன்றைய கதையைத் தள்ளிக்கொண்டு போகும். சிட்காமில் நேற்று நடந்தது இன்றைக்குக் கணக்கில் வராது. அதனால் அதற்கு வற்றாத ஒரு சண்டை ஊற்று தேவை.

குடும்ப சிட்காமில் அந்த ஊற்று இரத்த உறவு. அப்பாவைப் பிடிக்கவில்லை என்று பத்து வயதுப் பையன் வீடு மாற முடியாது. அலுவலக சிட்காமில் சம்பளம் கட்டிப்போடும். ஆனால் ரூம்மேட்கள் கதையில் இந்த இரண்டும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு எந்த நாளும் கிளம்பலாம்.

ஆகவே பார்ப்பவர் மனதில் ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி எழும்: இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் சேர்ந்திருக்க வேண்டும், கிளம்ப வேண்டியதுதானே? ரூம்மேட் தொடர் எழுதுகிறவருக்குப் பெரிய வேலை சிரிப்பு வரவைப்பது அல்ல, இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பது. 'தி ஆட் கப்பிள்' வைத்திருந்த பதிலைப் போல உறுதியான பதில் வேறு தொடர்களில் அரிது என்பது என் எண்ணம்.

கதை எங்கிருந்து வந்தது

தொடருக்கு முன்னால் படம், படத்துக்கு முன்னால் நாடகம், நாடகத்துக்கு முன்னால் ஓர் உண்மையான வீடு. நாடகாசிரியர் நீல் சைமனின் அண்ணன் டேனி சைமன், தொலைக்காட்சி நகைச்சுவை எழுத்தாளர். விவாகரத்துக்குப் பிறகு அவர் இன்னொரு விவாகரத்தான நண்பரோடு தங்கினார். அந்த வீட்டில் நடந்ததை டேனியே நாடகமாக எழுதத் தொடங்கினார், ஆனால் முடிக்கவில்லை. தம்பி அதை எடுத்து எழுதினார்.

1965 மார்ச் 10 அன்று நாடகம் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறியது. இயக்கம் மைக் நிக்கல்ஸ். வீட்டைக் குப்பையாக வைத்திருக்கும் ஆஸ்கர் மேடிசனாக வால்டர் மாத்தாவும், சுத்தத்தில் பித்தான ஃபீலிக்ஸ் உங்கராக ஆர்ட் கார்னியும் நடித்தார்கள். 900 காட்சிகளுக்கு மேல் ஓடியது. 1968இல் படம் வந்தது, அதில் மாத்தாவோடு ஜாக் லெமன். 1970இல் கேரி மார்ஷலும் ஜெரி பெல்சனும் அதைத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி மாற்றினார்கள். ஃபீலிக்ஸாக டோனி ராண்டல், ஆஸ்கராக ஜாக் கிளக்மன். கிளக்மன் ஏற்கெனவே பிராட்வே மேடையில் மாத்தாவுக்கு அடுத்து அதே வேடத்தில் நடித்தவர்.

நாடகத்தின் முதல் காட்சியே இந்தக் கதையின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. கோடைக்கால இரவு. ஆஸ்கர் வீட்டில் சீட்டாட்டம். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. நண்பர்களுக்கு அவர் கொண்டுவந்து தரும் சாண்ட்விச் இரண்டு வகை, பழுப்பு நிறத்தது ஒன்று, பச்சை நிறத்தது ஒன்று. பச்சை எதனால் என்று கேட்டால், அது ரொம்பப் புதிய சீஸ் அல்லது ரொம்பப் பழைய இறைச்சி என்கிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, வழக்கமாக வரும் ஃபீலிக்ஸைக் காணவில்லை. விசாரித்தால், மனைவி பிரிந்துவிட்டார், ஃபீலிக்ஸ் தற்கொலை செய்துகொள்ளப் போவதாகத் தந்தி கொடுத்துவிட்டு எங்கோ அலைகிறார் என்று தெரிகிறது. கடைசியில் அவர் வந்து சேர்கிறார். யாருக்கும் எதுவும் தெரியாதது போல் நண்பர்கள் சீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர் ஜன்னல் பக்கம் போனால் பதைக்கிறார்கள், குளியலறைக்குப் போனாலும் பதைக்கிறார்கள்.

அன்று இரவு ஆஸ்கர் அவரைத் தன் வீட்டில் தங்கச் சொல்கிறார். உயிருக்கு ஆபத்து என்பதால் சேர்ந்த கூட்டு இது. அடியில் கோஸ்டர் என்ற சிறு தட்டு இல்லாமல் மேசைமேல் வைத்த டம்ளருக்காகப் பிறகு வரும் சண்டைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இரவு இருக்கிறது.

'போக வேறு இடமில்லை'

தொலைக்காட்சித் தொடரில் தற்கொலைப் பேச்சை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, எபிசோட் தொடங்கும்போது ஒரு குரல் கதையைச் சொல்லும். நவம்பர் 13 அன்று ஃபீலிக்ஸை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள், சொன்னது அவர் மனைவி. அவள் சொன்னது சரி என்று அவருக்கு உள்ளூரத் தெரியும், என்றாவது அவளிடம் திரும்பிப் போவோம் என்றும் தெரியும். போக வேறு இடமில்லாமல் நண்பர் ஆஸ்கர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அதற்கு முன்பே ஆஸ்கரை அவர் மனைவி அனுப்பியிருந்தார், திரும்பி வரவே வேண்டாம் என்று சொல்லி. விவாகரத்தான இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பைத்தியமாக்காமல் ஒரே வீட்டில் இருக்க முடியுமா? குரல் அத்தோடு நிற்கும்.

ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த முன்னுரையில் மூன்று வேலை முடிந்துவிடுகிறது. ஏன் சேர்ந்தார்கள், ஏன் பிரிய முடியாது, எதற்காகக் காத்திருக்கிறார்கள். 'கிளம்ப வேண்டியதுதானே' என்ற கேள்விக்கு, 'எங்கே?' என்ற பதில் முதலிலேயே வந்துவிட்டது.

இந்தப் பதிலுக்கு அன்று இருந்த கனம் இன்று சட்டென்று புரியாது. நாடகம் அரங்கேறிய 1965இல் நியூயார்க் மாநிலத்தில் விவாகரத்துக்குச் சட்டம் ஏற்ற ஒரே காரணம் மணவாழ்வுக்கு வெளியே உறவு. மனம் ஒத்துவரவில்லை என்று சொல்லிப் பிரிய முடியாது. வசதி உள்ளவர்கள் நெவாடா மாநிலம் போய், ஆறு வாரம் தங்கி, அங்கே விவாகரத்து வாங்கிவந்தார்கள். நியூயார்க்கின் சட்டம் தளர்ந்தது 1967 செப்டம்பரில். குற்றம் யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லாத விவாகரத்தை கலிபோர்னியா 1970 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொடர் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பர் 24.

அப்போது தொலைக்காட்சி இந்த விஷயத்தில் எவ்வளவு கூச்சப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அதே மாதத்தில் சிபிஎஸ் சேனலில் மேரி டைலர் மூர் நடித்த தொடர் தொடங்கியது. கதாநாயகியை விவாகரத்தானவராகக் காட்ட வேண்டும் என்று எழுத்தாளர்கள் நினைத்தார்கள். சேனல் சம்மதிக்கவில்லை. கடைசியில் அவர் காதல் முறிந்த பெண் ஆனார். இன்னொரு சேனலில் விவாகரத்தான இரண்டு ஆண்கள், அதை மறைக்காமல், அதையே கதையின் வாசற்படியாக வைத்து வந்து நின்றார்கள்.

1960க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்காவில் விவாகரத்து விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. திருமணமான 1,000 பெண்களுக்கு 9.2 என்றிருந்தது 22.6 ஆனது. அந்த ஏற்றத்தின் நடுவில் வந்த தொடர் இது. பிரிந்த பிறகு ஓர் ஆண் எங்கே சாப்பிடுகிறார், யார் துணி துவைக்கிறார், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார் என்பதையெல்லாம் சிரிப்போடு காட்டியது.

எதிர்க்குணம் மட்டும் போதாது: வேறு நான்கு பொருத்தங்கள்

1. காயம் ஒன்றுதான். ஃபீலிக்ஸ் அடுக்கி வைக்கிறார், ஆஸ்கர் கலைத்துப் போடுகிறார். ஆனால் இருவருக்கும் நடந்தது ஒன்றே, வேண்டாம் என்று சொல்லி அனுப்பப்பட்டது. ஃபீலிக்ஸ் அந்த வலியை வேலையால் மூடுகிறார்: சமையல், துடைப்பம், திரைச்சீலை. ஆஸ்கர் அலட்சியத்தால் மூடுகிறார்: குதிரைப் பந்தயம், பீர், மாற்றாத சட்டை. வெளியே எதிரெதிர், உள்ளே ஒரே ஆள் என்று சொல்லலாம். சண்டை முற்றும்போதெல்லாம் ஒருவர் மற்றவரைப் பார்த்துத் திடீரென்று அடங்கிவிடுவது இதனால்தான் நம்பும்படி இருக்கிறது.

2. இருவரும் பாதி சரி. ஃபீலிக்ஸ் சொல்வதில் தப்பில்லை. அழுக்கு அழுக்குதான், அழுகிய சாண்ட்விச்சைத் தின்னக் கூடாதுதான். ஆஸ்கர் சொல்வதிலும் தப்பில்லை. வீடு என்பது ஆளுக்கு ஓய்வு தர வேண்டிய இடம், மருத்துவமனை வார்டு அல்ல. நாடகத்தில் ஒரு சீட்டாட்ட இரவில், நண்பர்களுக்கு எங்கிருந்தோ கிருமிநாசினி வாடை வருகிறது. தேடிப் பார்த்தால் சீட்டுக்கட்டிலிருந்து. ஃபீலிக்ஸ் சீட்டுகளைத் துடைத்து வைத்திருக்கிறார்! அந்த இடத்தில் நம் மனம் ஆஸ்கர் பக்கம் போகும். அடுத்த காட்சியில் ஆஸ்கரின் அறையைப் பார்த்தால் ஃபீலிக்ஸ் பக்கம் திரும்பும். ஒருவரை மட்டும் முட்டாளாக்கும் தொடர்களில் இந்த ஊசலாட்டம் கிடைக்காது, அவை சீக்கிரம் சலிப்பதும் அதனால்தான்.

3. சண்டை சின்னது, அதற்குள் இருப்பது பெரியது. இதற்குச் சான்றாக நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஒரு காட்சி உண்டு. முந்தின இரவு விருந்து பாழாகிவிட்டது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஃபீலிக்ஸ் தட்டோடு சாப்பிட உட்கார்கிறார். அந்த ஸ்பகெட்டியை மேசையிலிருந்து எடு என்கிறார் ஆஸ்கர். ஃபீலிக்ஸ் சிரிக்கிறார். இது ஸ்பகெட்டி இல்லை, லிங்குவினி என்கிறார். இரண்டுமே நூடுல்ஸ் போன்ற இத்தாலிய உணவுதான், வடிவம் மட்டும் கொஞ்சம் வேறு. ஆஸ்கர் தட்டை எடுத்துப் போய் சமையலறைச் சுவரில் வீசுகிறார். திரும்பி வந்து, இப்போது இது குப்பை என்கிறார். ஃபீலிக்ஸுக்கு வந்த கோபம் சாப்பாடு போனதற்காக அல்ல. சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இழைகளை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, துடைக்கப் போகிறார். ஓர் இழையைத் தொட்டாலும் அடிப்பேன் என்று தடுக்கிறார் ஆஸ்கர். பெயரில் ஒரு திருத்தம், ஒரு தட்டு, ஒரு சுவர். ஆனால் அங்கே நடப்பது இந்த வீடு யாருடையது என்ற சண்டை. கணவன் மனைவிக்குள் நடக்கும் அதே சண்டை. இருவரையும் அவரவர் மனைவி ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதும் அந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடுகிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே.

4. கணக்குப் பார்த்தால் இருவருக்கும் லாபம். ஆஸ்கர் ஜீவனாம்சத்தை எப்போதும் பாக்கி வைப்பவர். ஃபீலிக்ஸ் வந்து, வெளிச் சாப்பாட்டை நிறுத்தி, செலவை இழுத்துப் பிடித்த பிறகு நாடகத்தில் அந்தப் பாக்கி அடைகிறது. ஃபீலிக்ஸுக்குக் கிடைத்தது, அவர் சமைத்ததைச் சாப்பிடவும் அவர் அழுகையைச் சகிக்கவும் ஓர் ஆள்.

இந்த நான்கில் மூன்றாவதே முக்கியம் என்பேன். மற்ற மூன்றும் இல்லாவிட்டால் தொடர் நொண்டும், இது இல்லாவிட்டால் தொடரே இல்லை. ரூம்மேட் சிட்காம் என்பது திருமணத்தைப் பற்றிய நாடகம், திருமணத்தை மட்டும் எடுத்துவிட்டு. பிற்காலத்து 'தி பிக் பேங் தியரி'யில் ஷெல்டன் எழுதி வைத்திருக்கும் ரூம்மேட் ஒப்பந்தமும், பிரிட்டனின் 'பீப் ஷோ'வில் மார்க்கும் ஜெரமியும் சமையலறையில் நின்று முறைத்துக்கொள்வதும் இதே கிளையில் பூத்தவை.

மூன்று காமிரா செய்த மாற்றம்

தொழில்நுட்பப் பக்கத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் தொடர் தன் குரலைக் கண்டுபிடித்தது இங்கேதான்.

முதல் சீசனை ஒற்றைக் காமிராவில் எடுத்தார்கள். சினிமா போல ஷாட் ஷாட்டாக, ஆள் இல்லாத ஸ்டுடியோவில். பிறகு பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்த்தார்கள். இந்த முறையில் நடிகருக்குத் தன் வசனம் எடுபட்டதா என்று தெரியாது. சிரிப்புக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை எடிட்டர் ஊகித்து வைக்க வேண்டும்.

ராண்டலும் கிளக்மனும் மேடையில் வளர்ந்தவர்கள். இந்த ஏற்பாடு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் சீசனிலிருந்து முறை மாறியது: மூன்று காமிரா ஒரே நேரத்தில், எதிரே உட்கார்ந்து பார்க்கும் ஆட்கள், நாடகம் போல ஒத்திகை. காட்சி தொடர்ச்சியாக ஓடுவதால் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் இடைமறிக்கலாம், காத்திருக்கலாம், முறைக்கலாம்.

1972இல் வந்த ஓர் எபிசோடில் இருவரும் 'பாஸ்வேர்ட்' என்ற சொல் விளையாட்டு நிகழ்ச்சியில் கலந்துகொள்கிறார்கள். ஒரு சொல்லைக் குறிப்பாகக் கொடுத்து, இன்னொரு சொல்லைக் கூட்டாளி வாயிலிருந்து வரவைக்க வேண்டும். வரவைக்க வேண்டிய சொல் 'பறவை'. சிறகு, கூடு, வானம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஃபீலிக்ஸ் முழு நம்பிக்கையோடு 'அரிஸ்டோஃபனீஸ்' என்கிறார். அந்தக் கிரேக்க நாடகாசிரியர் பறவைகளைப் பற்றி ஒரு நாடகம் எழுதியவர் அல்லவா! ஆஸ்கரின் முகத்தில் அப்போது ஓடுவதைக் காமிரா காட்டுகிறது, ஸ்டுடியோவில் இருப்பவர்கள் சிரித்துத் தீரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. ஒற்றைக் காமிராவில் அந்த மௌனத்தின் நீளத்தை யாரும் முன்கூட்டி அளந்திருக்க முடியாது.

இன்னொன்றும் உதவியது. ராண்டலுக்கு உண்மையிலேயே ஓபரா பைத்தியம். கிளக்மன் உண்மையிலேயே குதிரைப் பந்தயக்காரர், 1980 கென்டக்கி டெர்பியில் அவர் குதிரை மூன்றாவதாக வந்தது. பாத்திரங்களின் விருப்பங்கள் நடிகர்களின் விருப்பங்களோடு ஒட்டிக்கொண்டன. அந்த நட்பும் நடிப்பல்ல. தொண்டைப் புற்றுநோய்க்கு 1989இல் செய்த அறுவைச் சிகிச்சையில் கிளக்மன் குரலை இழந்தார். பயிற்சி செய்து, கரகரத்த மூச்சுக் குரலில் பேசப் பழகினார். 1991இல் ராண்டல் தன் நாடகக் குழுவுக்கு நிதி திரட்ட நடத்திய காட்சியில் அவரை மேடைக்கு அழைத்துவந்தார். எந்த நாடகம் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் குரலோடே ஆஸ்கராக நின்றார் கிளக்மன். 2004இல் ராண்டல் இறந்த பிறகு, அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

ரேட்டிங்கில் தோற்றது எப்படிப் பிழைத்தது

ரேட்டிங் என்பது மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்று அளந்து, அதிலிருந்து நாடு முழுவதற்கும் போடும் கணக்கு. விளம்பர விலை அதை வைத்துத்தான். 'தி ஆட் கப்பிள்' இந்தக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் தடுமாறியது, சீசன் முடியும்போதெல்லாம் நிறுத்தப்படும் நிலைக்குப் போனது. ஆனால் கோடைக்கால மறு ஒளிபரப்பில் எண்கள் ஏறும். போட்டிக்குப் புதிய நிகழ்ச்சிகள் இல்லாத மாதங்களில், முதலில் தவறவிட்டவர்கள் வந்து பார்ப்பார்கள். சேனல் இன்னொரு வருடம் நீட்டிக்கும். இப்படியே ஐந்து ஆண்டு.

அதற்கு நடுவில் விருதுகளும் வந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி கிளக்மனுக்கு 1971இலும் 1973இலும், ராண்டலுக்கு 1975இல். ராண்டலுக்குக் கிடைத்தபோது தொடர் நின்றுவிட்டிருந்தது.

உண்மையான வாழ்வு தொடங்கியது நின்ற பிறகுதான். அமெரிக்காவில் சிண்டிகேஷன் என்று ஒரு முறை உண்டு. பெரிய சேனலில் ஓடி முடிந்த தொடரை, ஊர் ஊராக உள்ள உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்பது. உள்ளூர் நிலையம் அதை வாரத்தில் ஐந்து நாளும் போடும். அதனால் சுமார் 100 எபிசோடாவது கையில் இருந்தால்தான் நல்ல விலை. 114 எபிசோட் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை போட்டு 22 வாரத்துக்கு மேல் தாங்கும், அப்புறம் முதலிலிருந்து தொடங்கலாம். நியூயார்க்கின் 11ஆம் சேனல் இப்படி ஆண்டுக்கணக்கில் ஓட்டியது.

மறு ஒளிபரப்புக்கு ரூம்மேட் சிட்காம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது? முன்கதை தெரிய வேண்டியதில்லை. பாதியில் வந்து உட்கார்ந்தாலும் ஒரு நிமிடத்தில் யார் எவர் என்று விளங்கிவிடும். அதைவிட முக்கியமானது, தினமும் பார்க்கும்போது அவர்கள் நமக்கும் ரூம்மேட் ஆகிவிடுகிறார்கள். வேலை முடிந்து வந்து தனியாகச் சாப்பிடும் ஒருவருக்கு, அதே சோபாவும் அதே இரண்டு குரல்களும் வீட்டுச் சத்தம் போல. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரைப் பத்தாவது தடவை ஓடவிட்டுத் தூங்கப்போகும் இன்றைய இளைஞரும் தேடுவது அதைத்தான்.

அதே குறிப்பு, வேறு கைப்பக்குவம்

சமையல் குறிப்பு எல்லோர் கையிலும் இருந்தது. பலரும் செய்து பார்த்தார்கள்.

* 1975இல் ஒரு கார்ட்டூன் வந்தது, சுத்தமான பூனையும் அழுக்கு நாயும்.
* 1982இல் ஏபிசி, கறுப்பின நடிகர்கள் ரான் கிளாஸ், டிமண்ட் வில்சன் இருவரையும் வைத்துத் தொடரை மீண்டும் எடுத்தது. பழைய திரைக்கதைகள் சிலவற்றையே திரும்பப் பயன்படுத்தினார்கள். ஒரே சீசனில் முடிந்தது.
* 1985இல் நீல் சைமனே நாடகத்தைப் பெண்களுக்காக மாற்றி எழுதினார். ஃபீலிக்ஸ் ஃபிளாரன்ஸ் ஆனார், ஆஸ்கர் ஆலிவ் ஆனார்.
* 2015இல் சிபிஎஸ் சேனலில் மேத்யூ பெர்ரி ஆஸ்கராகவும் தாமஸ் லெனன் ஃபீலிக்ஸாகவும் வந்தார்கள். 38 எபிசோட், 2017இல் நின்றது.

1982 முயற்சியின் பாடம் தெளிவு. எழுதியது அப்படியே இருந்தும் பலிக்கவில்லை என்றால், பலிக்க வேண்டியது எழுத்தில் மட்டும் இல்லை. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் இரண்டு நடிகர்கள் கண்டுபிடித்துக்கொள்ளும் இடைவெளியைக் கடன் வாங்க முடியாது.

2015 முயற்சி வேறு காரணத்தால் சறுக்கியது என்று நினைக்கிறேன். நடிகர்கள் திறமைசாலிகள், பெர்ரி தன் பாத்திரத்தை நேசித்து நடித்தார் என்பதும் தெரிகிறது. ஆனால் 2015இல் விவாகரத்து அவமானம் அல்ல. நாற்பது வயது ஆண் தனியாக வீடு எடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'எங்கே போவது?' என்ற பதிலின் கனம் குறைந்துவிட்டது. அந்தக் கனத்தை வேறு எதிலாவது, வாடகையிலோ தனிமையிலோ, ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாததால் சுத்தமும் குப்பையும் மட்டும் மிஞ்சின.

மாறலாமா, கூடாதா?

கடைசியாக ஒரு நுட்பம். ஒரே கதையை நாடகமும் தொடரும் முடித்த விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிட்காமின் விதி புலப்படும்.

நாடகம் பார்ப்பவருக்கு ஒரே இரவில் முடிந்துவிடும். அதில் ஆட்கள் மாறலாம், மாறத்தான் வேண்டும். ஆஸ்கர் ஃபீலிக்ஸைத் துரத்திவிடுகிறார். ஃபீலிக்ஸ் போன பிறகு சீட்டாட்டம் தொடர்கிறது. அப்போது ஆஸ்கர் நண்பர்களைப் பார்த்து, சிகரெட் துண்டுகளைப் பார்த்துப் போடுங்கள், இது என் வீடு, பன்றிக் கொட்டில் அல்ல என்கிறார். திரை விழுகிறது. ஃபீலிக்ஸ் வெளியே போனாலும் ஆஸ்கரின் வாயில் தங்கிவிட்டார்.

தொடர் அப்படிச் செய்ய முடியாது. ஆஸ்கர் ஒரு வாரம் சாம்பல் கிண்ணத்தைக் கழுவினால் அடுத்த வாரத்துக்குக் கதை இல்லை. அதனால் 114 எபிசோடிலும் இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கக் கற்றுக்கொள்கிறார்களே தவிர, ஒரு பழக்கத்தையும் விடவில்லை. 1975 மார்ச் 7 அன்று வந்த கடைசி எபிசோடில், முதல் நாள் முன்னுரை சொன்னபடியே ஃபீலிக்ஸ் தன் மனைவி குளோரியாவை மறுமணம் செய்துகொள்கிறார். வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம். ஆஸ்கருக்கு மரியாதையாக, ஃபீலிக்ஸ் குப்பைக் கூடையைத் தூக்கி, தான் ஐந்து வருடம் பெருக்கிய கூடத்துத் தரையில் கவிழ்க்கிறார். அதற்கு ஈடாக, இதை நானே சுத்தம் செய்வேன் என்கிறார் ஆஸ்கர். ஃபீலிக்ஸ் போகிறார். ஆஸ்கர் குப்பையைப் பார்க்கிறார், அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். கதவு மறுபடி திறக்கிறது. செய்ய மாட்டார் என்று தெரிந்தே திரும்பி வந்த ஃபீலிக்ஸ், குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்குகிறார்.